வழக்கம் என்றொரு சட்டம்

எங்க பெரியப்பாவும் எங்கம்மாவும் ஒரே நகராட்சியில் ஒரே வார்டைக் கூட்டியவர்கள். பெரியப்பா நிரந்தரம். அம்மா காண்ட்ராக்ட். விடியக்காலை அஞ்சு மணிக்கு ஒரே இடத்தில் ஆஜர் கொடுத்து, ஒரே சாக்கடையில் மண்வெட்டி போட்டு, ஒரே டீக்கடை வாசலில் எட்ட நின்று டீ குடித்தவர்கள். சம்பள நாள் வந்தால் மட்டும் இரண்டு பேரும் இரண்டு சாதியாகிவிடுவார்கள். பெரியப்பா வாங்கியதில் பாதியை அம்மா ஒரு மாதம்கூட வாங்கியதில்லை.

இந்தக் கதையை இப்போது ஏன் எடுக்கிறேன் என்றால், நம் ஆட்களே ஒரு பேச்சு பேசுகிறார்கள்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். மாநகராட்சியின் 5, 6ஆம் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்த போராட்டம் அது. பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் சனங்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை இழுத்து வண்டியில் ஏற்றியது. மறுநாள் அரசு இலவசக் காலைச் சிற்றுண்டி அறிவித்தது. வேலையைக் கேட்டவளுக்கு இட்லி! 2019இல் கும்பமேளாவில் பிரதமர் துப்புரவுத் தொழிலாளர் காலைக் கழுவினார். 2020இல் நாடே கைதட்டியது. கால் கழுவுவான், கை தட்டுவான், சிற்றுண்டி போடுவான். சம்பளச் சீட்டை மட்டும் கையில் கொடுக்க மாட்டான்.

ஆள்கிறவன் அப்படித்தான் செய்வான், அது நமக்குத் தெரியும். என் கோபம் அவன்மேல் மட்டுமில்லை. "பணி நிரந்தரம் கேட்பது குலத்தொழிலை நிரந்தரமாக்குவது. அந்த வேலையிலிருந்து வெளியேறுவதுதான் விடுதலை" என்று நம் மேடைகளிலேயே பேசப்பட்டதே, அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பேச்சில் பாதி உண்மை. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கி வைக்கிறது என்று 1936லேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். மலத்தையும் குப்பையையும் ஒரு சாதியின் தலையில் கட்டுவது ஒழியத்தான் வேண்டும். ஆனால் அதே அம்பேத்கர்தான் 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பார்ப்பனியம், முதலாளியம் இரண்டையும் எதிரி என்றார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வெளியேறுவது எப்படி என்று எங்க வீட்டில் வந்து பாருங்கள். பெரியப்பா பிள்ளைகள் இருவரில் ஒருத்தி நர்ஸ், இன்னொருவன் ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டர். நான் எம்.ஏ. தமிழ். எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது பெரியப்பாவின் பி.எஃப். கடன். நிரந்தர வேலைக்காரனின் சம்பளத்தில்தான் மூன்று பிள்ளைகள் துடைப்பத்தை விட்டு வெளியே வந்தோம். அம்மா சம்பளத்தில் யாரும் எங்கேயும் வெளியேறவில்லை. வாரிசு வேலை என்ற பெயரில் திரும்பவும் துடைப்பத்தையே கையில் கொடுக்கிற கொடுமையும் நிரந்தரத்தில் உண்டு, மறுக்கவில்லை. படித்த வாரிசுக்குப் படிப்புக்கேற்ற வேலை கொடு என்று அதற்காகத் தனியே சண்டை போடுவோம். அதைச் சாக்கு வைத்து அம்மாவைக் காண்ட்ராக்டரிடம் விட்டுவிட முடியாது. காண்ட்ராக்டர் வந்ததும் குலத்தொழில் ஒழிந்துவிட்டதா? அவன் ஆள் எடுக்கிற சேரியும் அதே சேரிதானே!

அம்மா 2004இல் சேர்ந்து, 2021இல் முட்டி போய் நின்றாள். 17 வருஷத்தில் நாலு காண்ட்ராக்டர்கள். தெரு மாறவில்லை, தள்ளுவண்டி மாறவில்லை, மேஸ்திரிகூட மாறவில்லை. யாரிடமும் அஞ்சு வருஷம் முடியவில்லை. 1972ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம் தொடர்ச்சியாக 5 ஆண்டு கேட்டது. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் ஒரு பைசா வரவில்லை. பி.எஃப்.இல் தொழிலாளி பங்கு 12 சதம், முதலாளி பங்கு 12 சதம். இரண்டையும் அம்மா கூலியிலேயே பிடித்தான் ஒருத்தன். பிடித்ததையும் 14 மாதம் கட்டவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டால், "கம்பெனிக்காரன்கிட்ட கேளும்மா" என்றார்கள். காண்ட்ராக்டர் கட்டாததற்கு முதன்மை முதலாளிதான் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. அதை நான் எழுதிக் கொடுத்தபோது அம்மா கேட்டாள்: "சட்டம் இருக்குதுன்ற. அது அந்தாளுக்குத் தெரியாதாடி?"

தெரியும். தெரிந்தேதான் இடையில் ஒருவனை நிறுத்துகிறார்கள். ஒரே வேலை செய்கிற தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியம் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் வழக்கில் சொன்னது. நடுவில் காண்ட்ராக்டர் இருந்தால் "இவள் எங்கள் ஊழியரே இல்லை" என்று கையைக் கழுவிவிடலாம்.

1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் பெயரிலேயே 'ஒழிப்பு' என்ற சொல் இருந்தது. 20 பேர் இருந்தாலே அது பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் வந்திருக்கிற 2020ஆம் வருஷத்துத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 50. ஐம்பது பேரை இரண்டாகப் பிரித்துக் கணக்கெழுதத் தெரியாத காண்ட்ராக்டர் உண்டா? மைய வேலையில் காண்ட்ராக்ட் கூடாது என்கிறது புதுச் சட்டம். எது மைய வேலை இல்லை என்று ஒரு பட்டியலும் போடுகிறது. அதில் முதலாவதாக நிற்பது என்ன தெரியுமா? துப்புரவு! கூட்டுவது, பெருக்குவது, குப்பை அள்ளுவது. மனு நம்மை ஊருக்கு வெளியே வைத்தான். இவர்கள் மைய வேலைக்கு வெளியே வைக்கிறார்கள்.

ஆனால் அதே பட்டியலில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த நிறுவனம் அந்த வேலைக்காகவே அமைக்கப்படாதிருந்தால்தான் அது பொருந்தும். நகராட்சி எதற்காக அமைக்கப்பட்டது? அரசியல் சட்டத்தின் 12ஆம் அட்டவணையில் 6ஆவது இனம் பொதுச் சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை. குப்பை அள்ளுவது நகராட்சிக்கு மைய வேலை இல்லை என்றால் வேறு எதுதான் மைய வேலை? இதை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. அவர்கள் தப்பிக்க வைத்திருக்கிற சந்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மைய வேலையாகவே இருந்தாலும், வழக்கமாகக் காண்ட்ராக்டர் மூலம் நடக்கிற வேலையென்றால் காண்ட்ராக்ட் விடலாமாம். வழக்கம்! கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாததற்கும், செருப்பைக் கழற்றச் சொன்னதற்கும், பிணக்குழி வெட்டச் சொன்னதற்கும் ஊரார் சொன்ன காரணம் இதே சொல்தானே! இருபது முப்பது வருஷமாக அவர்களே காண்ட்ராக்ட் விட்டு உண்டாக்கிய வழக்கத்தை இன்று அவர்களே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்.

எழுதுகிற தோழர்களுக்கு ஒன்று. துடைப்பத்தைப் பற்றி நிறையக் கவிதை எழுதிவிட்டோம், நானும் எழுதியிருக்கிறேன். அம்மாவின் சம்பளச் சீட்டு எங்கே என்று அன்றைக்கே கேட்டிருந்தால் அந்த 14 மாதப் பணம் போயிருக்காது. மாணவத் தோழர்கள் வாரம் ஒரு நாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு உங்கள் வார்டு அலுவலகத்துக்குப் போங்கள். பி.எஃப். கணக்கை அவர்களுடைய செல்போனிலேயே எடுத்துக் காட்டுங்கள். எத்தனை மாதம் விட்டுப் போயிருக்கிறதென்று எண்ணி, தேதி போட்டு எழுதி, காண்ட்ராக்டருக்கு இல்லை, ஆணையருக்கு அனுப்புங்கள். நிரந்தரம் வேண்டுமா வேண்டாமா என்பதை அதன் பிறகு அந்தப் பெண்களிடமே கேளுங்கள். மேடையில் நாம் முடிவு செய்ய வேண்டாம்.