நரகம் உண்டென்று போதிப்பது குற்றமல்ல: ஒரு கோரிக்கைச் சாசனம்

நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும்:

இயேசுவை ஏற்காதவருக்கு இரட்சிப்பு இல்லை என்று பல கிறிஸ்தவ சபைகள் போதிக்கின்றன. தம் குற்றமின்றி அவரை அறியாதோரும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. எந்தப் போதனை சரி என்பது எங்கள் வழக்கல்ல. கையொப்பமிடும் எங்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், நாத்திகர்கள் உண்டு. முதல் போதனைப்படி நாங்கள் நரகத்துக்கு உரியவர்கள். அதைப் போதிக்கும் உரிமைக்காகவே கேட்கிறோம்.

1967-ல் ஒடிசாவின் மதமாற்றத் தடைச் சட்டம், பலவந்தம் என்பதற்குத் தந்த விளக்கத்தில் தெய்வக் கோபம் வரும் என்ற அச்சுறுத்தலையும் சேர்த்தது. மறு ஆண்டே மத்தியப் பிரதேசம் பின்தொடர்ந்தது. தமிழ்நாட்டின் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே வாசகம். 2004-ல் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ தெய்வக் கோபம் ஆசை காட்டுதலின் கீழ் வருகிறது. கோபம் எப்படி ஆசையாகும் என்பது எழுதியவருக்கே வெளிச்சம்.

மதத்தைப் பரப்ப அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு உரிமை தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் இல்லை என்று 1977-ல் சொன்ன உச்ச நீதிமன்றமும், கொள்கையை விளக்கிப் பரப்பும் உரிமையை ஒப்புக்கொண்டது. நரகத்தை விட்டுவிட்டு இரட்சிப்பை எப்படி விளக்குவது? கருட புராணம் சொல்லும் தண்டனைகளைக் கேட்டு நம்மில் யாராவது காவல் நிலையம் போகிறோமா?

ஆகவே, தெய்வக் கோபம் என்ற சொல் எல்லா மாநிலச் சட்டங்களிலிருந்தும் நீக்கப்பட வேண்டும். அடி, மிரட்டல், ஊர்விலக்கு ஆகியவை குற்றமாகவே நீடிக்கட்டும். மறுமை பற்றிய போதனைக்காக மட்டும் பதிவான வழக்குகள் கைவிடப்பட வேண்டும். அந்தப் போதனை பொய், கொடூரம் என்று மறுத்துப் பேசுவோர் மீதும் மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவோ, அதன் இடத்தில் இப்போதுள்ள பிரிவோ பாயக்கூடாது.

சபைகளிடமும் ஒரு கோரிக்கை. 2006-ல் ‘டாவின்சி கோட்’ படத்துக்குத் தமிழ்நாடு தடை விதித்தபோது, தடை கேட்டவர்கள் கிறிஸ்தவ அமைப்பினர். அதை நீக்கியது சென்னை உயர் நீதிமன்றம். உங்கள் பேச்சுக்குக் கேட்கும் இடத்தை உங்களை மறுப்பவருக்கும் கொடுங்கள். அதற்கு உடன்படாத சபைத் தலைவர்கள் இதில் கையொப்பமிட வேண்டாம்.