கட்டுவோர் கடன்

ஓரூரில் புதிதாக நூறு வீடுகள் எழும்புகின்றன என வைத்துக்கொள்வோம். குடிபுகுந்தோருக்கு வீடு கிடைத்துவிட்டது. ஆனால், தவணை தொடங்கும் நாளிலே பிள்ளையைக் கையிற் பிடித்துச் சென்ற தாய்க்குப் பாடசாலையில் இடமில்லை என்ற பதிலே கிடைக்கின்றது. வைத்தியர் வாசலில் வரிசை நீளுகின்றது. வீதியிலோ காலையில் நகர முடியாத நெரிசல். பழைய குடிகள் புதியவர்களை முறைத்துப் பார்க்கின்றனர். காணியை விற்றவரும் வீட்டைக் கட்டி விற்றவரும் இலாபத்தோடு அடுத்த ஊருக்குப் போய்விட்டனர். புதிய வகுப்பறையை யார் கட்டுவது? இவ்வினாவுக்கு விடை காண இங்கிலாந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்ட பாட்டை இவ்வாரம் நோக்குவோம்.

வயலாகக் கிடந்த நிலத்தில் வீடு கட்டலாமென அனுமதி கிடைத்ததுமே அதன் விலை பன்மடங்கு உயர்கின்றது. அது உழுது பெற்ற உயர்வன்று. ஊரார் போட்ட வீதியாலும் அதிகாரியின் கையொப்பத்தாலும் வந்த உயர்வு. ஆகவே அது ஊருக்கே உரியதெனக் கருதி, 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம் அவ்வுயர்வில் நூற்றுக்கு நூறு வீதத்தையும் கட்டணமாகக் கேட்டது. நியாயம் என்னவோ பழுதற்றதுதான். ஆனால், விற்றாலும் ஒரு காசு மிஞ்சாதெனக் கண்ட காணிக்காரர் விற்காமலே இருந்துவிட்டனர். 1953இல் அக்கட்டணம் ஒழிந்தது. 1967இல் 40 வீதமாக வேறொரு பெயரில் வந்தது. 1970இல் ஆட்சி மாறப் போயிற்று. 1976இல் மறுபடி வந்தது. 1985இல் மறுபடி போயிற்று. தொழிற்கட்சி கொண்டுவருவதும் கன்சர்வேட்டிவ் கட்சி எடுத்தெறிவதுமாக ஒரு தலைமுறைக் காலம் கழிந்தது.

இதற்கிடையில் உள்ளூர்ச் சபைகள் தமக்குத் தெரிந்த வழியைப் பின்பற்றின. அதுதான் பேரம். "அனுமதி தருகின்றோம்; எங்களுக்கு ஒரு விளையாட்டிடம் அமைத்துத் தாரும்" என்பது போன்ற உடன்படிக்கைகளுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு இடமளித்தது. வசதி குறைந்தோருக்கான வீடுகள் பல இன்றும் இப்பிரிவின் வாயிலாகப் பெறப்படுகின்றன. எனினும் பேரத்தில் ஒரு குறையுண்டு. வழக்கறிஞர் படையோடு வருபவருக்கு ஒரு விலை, தனியே வருபவருக்கு வேறொரு விலை என்றாகிவிடும். பெரிய குடியிருப்புக்களோடு பேரம் பேசிய சபைகள், இரண்டொரு வீடு கட்டியவரைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. சிறு வீடுகள் நூறு சேர்ந்தாலும் பாடசாலைக்கு வருவது அதே எண்ணிக்கைப் பிள்ளைகள்தாமே!

இக்குறையைப் போக்கவே 2008ஆம் ஆண்டின் திட்டமிடற் சட்டம் "சமூக உட்கட்டமைப்பு அறவீடு" என்பதனை உண்டாக்கியது. 2010இல் அது நடைமுறைக்கு வந்தது. முறை எளியது. விரும்பிய சபை, சதுர மீற்றருக்கு இவ்வளவு பவுண் என ஒரு கட்டண அட்டவணையை முன்கூட்டியே வெளியிடும். சுயாதீனமான பரிசோதகர் ஒருவர் அதனை ஆராய்வார். வீதம் நூறு பவுணாயின், நூறு சதுர மீற்றர் வீட்டுக்குப் பத்தாயிரம் பவுண். மாணவர்கள் மனக்கணக்காகவே செய்துவிடலாம். அனுமதி பெற்றவுடன் அன்றி, வேலை தொடங்கிய பின்னரே பணம் கட்டவேண்டும்.

இலண்டன் மாநகரம் இதனைக் கொண்டு சாதித்ததை அங்குள்ள நம் உறவினர் நாள்தோறும் காண்கின்றனர். எலிசபெத் புகையிரதப் பாதைக்கு இவ்வழியாக 300 மில்லியன் பவுண் திரட்டுவதென முடிவு செய்து, 2012 ஏப்ரலில் மாநகர முதல்வர் அறவீட்டைத் தொடங்கினார். அப்போது வெஸ்ட்மினிஸ்டர் போன்ற செல்வப் பகுதிகளில் சதுர மீற்றருக்கு 50 பவுண். நியூஹாம் போன்ற பகுதிகளில் 20 பவுண். பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் ஒன்றுமில்லை. 2022இல் பாதை திறக்கப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் இல்போர்டிலிருந்து இன்று நகரின் நடுவுக்கு மாறாமலே போய்வரலாம்.

ஆயினும் நம் மனத்தைக் கவர்ந்தது அந்தப் பெரும் புகையிரதமன்று; அறவீட்டிற் சிற்றூருக்கு ஒதுக்கப்பட்ட பங்கேயாகும். கட்டிடம் எழும்பும் இடத்திலுள்ள பரிஷ் என்னும் கிராமச் சபைக்கு வசூலில் 15 வீதம் கொடுக்கப்படவேண்டும். அவ்வூரார் தம் ஊர் எவ்வாறு வளரவேண்டுமெனத் தாமே திட்டம் வகுத்து, வாக்கெடுப்பில் நிறைவேற்றியிருப்பின் அது 25 வீதமாகும். சத்தத்தையும் தூசியையும் நெரிசலையும் சகிப்பவர் அவ்வூரார். தொகை முழுவதும் தொலைவிலுள்ள கந்தோருக்குப் போய்விட்டால், அதனை இன்னொரு வரியென்றே அவர்கள் எண்ணுவர். ஒரு பகுதி உள்ளூர் மண்டபத்தின் கூரையாகவோ சிறுவர் ஊஞ்சலாகவோ கண்முன்னே நின்றால், புதுக் குடியினரை முறைக்கும் கண்கள் சற்றே தணியும். கட்டுவோரிடம் வாங்குவது நியாயமென்பதை விட, வாங்கியது எங்கே போயிற்றென்பதே முக்கியமென நாம் கருதுவது இதனாற்றான்.

வீட்டு விலை ஏறிவிடாதா என்று கேட்பவர் உண்டு. புது வீட்டுக்காரர் பழைய வீட்டின் விலையோடு போட்டியிட்டே விற்கவேண்டியிருத்தலால், நினைத்தபடி விலையை ஏற்ற முடியாது. கட்டணம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், கட்டுபவர் காணிக்குக் கொடுக்கும் விலையைக் குறைத்துக்கொள்வார். பாரம் பெரும்பாலும் காணிக்காரர்மீதே விழும். காணியை வாங்கிய பின்னர் வீதத்தை உயர்த்தினால் மட்டும் இக்கணக்குப் பிழைத்துவிடும்.

இனி, மனம் வருந்தும் ஒன்றையும் சொல்லவேண்டும். தாம் குடியிருப்பதற்கே வீடு கட்டுவோருக்கு 2014இல் விலக்களிக்கப்பட்டது. மூன்றாண்டு அவ்வீட்டிற் குடியிருத்தல் வேண்டும். ஆனால், விலக்குக் கோரும் படிவம் ஏற்கப்படுமுன் அத்திவாரம் வெட்டிவிட்டால் விலக்கில்லை! வேலை தொடங்கும் அறிவித்தலை அனுப்ப மறந்தவரும் முன்னர் முழுத்தொகையையும் கட்டவேண்டியிருந்தது; 2019க்குப் பின்னர் அத்தவறுக்கு மாத்திரம் தண்டம் போதுமென்றாயிற்று. ஒரு கடதாசி தவறியதால், வாழ்நாட் சேமிப்பைக் கொண்டு கூடு கட்ட முயன்ற குடும்பங்கள் பல்லாயிரம் பவுணுக்குக் கடனாளிகளாயின. பெருங்கம்பனிக்கு இத்தகைய தவறு நேராது. அதற்கெனவே அங்கு எழுதுவினைஞர் உளர். சிறியவர் தப்பிவிடுகின்றனரே என்று பிறந்த சட்டம் சிறியவரையே இவ்வாறு பிடித்துக்கொண்டதை எவ்வாறு நியாயப்படுத்துவது? விலக்குக்கு உரியவரெனத் தெளிவாகத் தெரிந்தபின், பிந்திய படிவத்தையும் ஏற்பதே முறை.

வாங்கிய பணத்தைச் செலவிடாது வைத்திருக்கும் சபைகளும் உள. ஆண்டுதோறும் வரவு செலவை வெளியிடவேண்டுமென 2019இல் விதி செய்யப்பட்டது. 2020 டிசம்பர் முதல் அவ்வறிக்கைகள் வருகின்றன. இவற்றையெல்லாம் நீக்கிப் புதியதோர் அறவீட்டை நிறுவ 2023இல் சட்டமொன்று இயற்றப்பட்டது. 2024இல் வந்த தொழிற்கட்சி அரசாங்கம் அதனை நடைமுறைப்படுத்துவதில்லையென அறிவித்து, பழையதையே வைத்துக்கொண்டது.