இருமுகிறவரே, கொஞ்சம் வாயைப் பொத்துங்க!

"கொரோனாதான் போயிடுச்சே சார், இன்னும் எதுக்கு முகமூடி?"

பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் இப்படிக் கேட்கிற ஆசாமிகளைப் பார்த்திருப்பீர்கள். முகமூடிக்காரர் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொள்வார். என்ன சொல்வார், பாவம்! அவர் மார்புக்குள் இருப்பது இன்னொருவர் கொடுத்த நுரையீரலாக இருக்கலாம்.

சும்மா சொல்லவில்லை. இந்தியாவில் நுரையீரல் மாற்று ஆபரேஷன் அதிகம் நடக்கிற ஊர்களில் நம்ம சென்னையும் ஒன்று. தானம் கிடைத்த உறுப்போடு ஆம்புலன்ஸ் பறக்கும்போது போலீசார் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். நாமும் ஒதுங்கி வழி விடுகிறோம். பேப்பரில் படம் வருகிறது. ரொம்ப சரி. ஆள் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு? அங்கேதான் அடுத்த ஆபத்து ஆரம்பம்!

18 நாள்!

1963-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டாக்டர் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக ஒரு மனிதருக்கு நுரையீரல் மாற்றினார். அவர் உயிரோடு இருந்தது 18 நாள். அடுத்த 20 ஆண்டில் நுரையீரலை மட்டும் மாற்றிக்கொண்டவர் எவரும் நெடுநாள் தாங்கவில்லை. 1983-ல் கனடாவின் டொரண்டோ நகரில் டாக்டர் ஜோயல் கூப்பர் ஆபரேஷன் செய்தவர்தான் 6 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். இன்று ஆபரேஷன் எவ்வளவோ தேறிவிட்டது. கிருமி மட்டும் விட்டபாடில்லை.

காரணம் இருக்கிறது. சிறுநீரகம், ஈரல் எல்லாம் உடம்புக்குள் பத்திரமாகக் கிடக்கும். நுரையீரல் வாசல் திறந்த வீடு. நாளைக்கு ஏறத்தாழ 20,000 தடவை தெருக்காற்று உள்ளே போய் வருகிறது. புது உறுப்பை உடம்பு விரட்டாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அதே மாத்திரை எதிர்ப்புச் சக்தியையும் அடக்கி வைக்கிறது. ஆபரேஷனில் நரம்பு அறுபடுவதால் சளி கட்டினாலும் இருமல் சரியாக வராது. சில சமயம் காய்ச்சல்கூடக் காட்டாது! அதனால்தான் வீட்டில் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு தினமும் ஊதிப் பார்க்கிறார்கள். வழக்கமான அளவில் 10 சதவீதம் குறைந்தாலே டாக்டருக்குப் போன்.

நமக்கு நாலு நாள் மூக்கொழுகிப் போகிற ஜலதோஷம் அவருக்கு நிமோனியா ஆகலாம். அது ஆறினாலும் மெல்லிய மூச்சுக்குழல்கள் தழும்பேறிச் சுருங்கத் தொடங்கலாம். நுரையீரல் மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 5 ஆண்டுக்குள் இந்தச் சுருக்கம் வருகிறது. போன மூச்சு பெரும்பாலும் திரும்புவதில்லை. போதாக்குறைக்கு, கட்டடம் இடிக்கிற தூசியிலும் மக்கிய குப்பையிலும் இருக்கிற ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை. நம்ம நாட்டுக்கே உரிய டி.பி. பயம் வேறு.

கூட்டத்துக்குப் போகாதே என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். ஆபீசுக்குப் போய்ச் சம்பளம் வாங்க வேண்டியவர் என்ன செய்வார்? காலை 9 மணி தாம்பரம் – பீச் வண்டியில் கூட்டமில்லாத பெட்டி எது? ஆகவே பாதிப் பொறுப்பு பக்கத்தில் நிற்கிற நம்ம தலையில்தான் விழுகிறது. இருமல் வந்தால் கைக்குட்டை எடுங்கள். இல்லையா, முழங்கையை மடக்கி மூடுங்கள். காசா, பணமா?

புகை விஷயமும் இருக்கிறது. 2018 போகியன்று புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பின. விமானத்துக்குப் போக வேறு ஊர் இருந்தது. மாடி வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷர் எங்கே போவார்?

போகி வருஷத்துக்கு ஒரு நாள். சில கடை வாசலில் தினமும் போகி! ராத்திரி கடையடைக்கும்போது அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் கூட்டித் தள்ளி ஒரு தீக்குச்சி. கடைக்கார அண்ணாச்சி, அதை ஒரு மூட்டையாகக் கட்டி ஓரமாக வையுங்கள். காலையில் மாநகராட்சிக் குப்பை வண்டியில் ஏற்றிவிடலாம்.