கண்ணாடிக்கு மேலே ஒரு கண்

2017 ஜூலை மாதக் கடைசியில் அமெரிக்காவில் டெஸ்லா மாடல் 3 கார்கள் வாங்கியவர்களின் கைக்கு வர ஆரம்பித்தன. புதுக் கார் கிடைத்தால் யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? சீட்டைத் தடவிப் பார்ப்பார்கள், இருக்கிற பட்டனையெல்லாம் அமுக்கிப் பார்ப்பார்கள். அப்படி நோண்டிக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் ஒரு விஷயம் பட்டது. டிரைவர் பின்பக்கம் பார்ப்பதற்கான கண்ணாடிக்கு மேலே, சின்னதாய் ஒரு கேமரா. அது ரோட்டைப் பார்க்கவில்லை. காருக்குள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இது எதற்கு?

ஆளாளுக்கு ஒரு யூகம். டிரைவர் தூங்குகிறாரா என்று பார்க்கவா? வீடியோவில் பேசவா? முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவா? கம்பெனி தரப்பில் கிடைத்த பதில் இவ்வளவுதான்: கேமரா இப்போது வேலை செய்யவில்லை, பிற்காலத்தில் வரப்போகும் வசதிகளுக்குப் பயன்படலாம். அதாவது காசு கொடுத்தாகிவிட்டது, பொருளும் வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் அதில் ஒரு பாகம் எதற்கு இருக்கிறது என்று வாங்கியவருக்கே தெரியாது.

பதில்கள் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் வேறு பதில்.

2019 ஏப்ரலில் எலான் மஸ்க் ட்விட்டரில் ஒரு பதில் சொன்னார். வருங்காலத்தில் டெஸ்லா கார்கள் தாமாகவே ஓடி, ஊபர் மாதிரி வாடகைக்குப் போய்ச் சம்பாதிக்கும். அப்போது ஏறுகிறவர் யாராவது காரை நாசம் செய்தால் பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் கேமரா என்றார். 2020ல் வந்த ஒரு சாஃப்ட்வேர் அப்டேட், பாதுகாப்பான கார்களை உருவாக்க உதவுவதற்காக உள்கேமரா படங்களை அனுப்பச் சம்மதமா என்று கேட்டது. 2021 மே மாதக் கடைசியில் மூன்றாவது பதில். ஆட்டோபைலட் ஓடும்போது டிரைவரின் கவனம் ரோட்டில் இருக்கிறதா என்று கேமரா பார்க்கும், இல்லையென்றால் எச்சரிக்கும்.

வாடகைக்காரரைக் கண்காணிக்க என்று சொல்லப்பட்ட கண், கடைசியில் முதலாளியையே கண்காணிக்க ஆரம்பித்தது. இதற்குக் கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆனது.

இதைப் படித்துவிட்டு கேமராவே கூடாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மூன்றாவது பயன் உண்மையிலேயே நல்ல பயன். அதற்கு முன்னால் ஆட்டோபைலட் என்ன செய்துகொண்டிருந்தது? ஸ்டீயரிங்கில் கை பிடித்திருக்கும் அழுத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. அதை ஏமாற்ற ஒரு சின்ன எடையைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். அதற்கென்றே கடையில் ஒரு பொருள் விற்று, 2018 ஜூனில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை விற்பனையை நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது.

2019 மார்ச் 1ஆம் தேதி அதிகாலை. ஃப்ளோரிடாவில் டெல்ரே பீச் என்ற இடம். ரோட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருந்த லாரியின் டிரெய்லருக்கு அடியில் ஒரு மாடல் 3 பாய்ந்தது. கூரை பிய்ந்துபோனது, ஓட்டியவர் இறந்துபோனார். ஆட்டோபைலட்டைப் போட்டுச் சுமார் 10 விநாடிதான் ஆகியிருந்தது. கடைசி 8 விநாடிகளில் ஸ்டீயரிங்கில் கை இருந்ததாகப் பதிவாகவில்லை. வழிவிடாத லாரி டிரைவரோடு, இயந்திரத்தை அளவுக்கு மீறி நம்பியதால் கார் ஓட்டியவரின் கவனம் சிதறியதும் காரணம் என்று விசாரணை செய்த போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது.

அந்தக் கார் வகையிலும் கண்ணாடிக்கு மேலே அதே கண் இருந்தது. ஆனால் அது தூங்கிக்கொண்டிருந்தது.

கேமரா வேலை செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்லிவிட முடியாது. பத்து விநாடியில் என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த மாதமே "கேமரா எதற்கு?" என்ற கேள்விக்கு வந்த பதில் டிரைவரின் கவனத்தைப் பற்றியதல்ல, காரை நாசம் செய்யும் பயணியைப் பற்றியது. உறுத்துவது அந்த இடம்தான்.

மறுபக்கமும் உண்டு. 2019 முதல் 2022 வரை டெஸ்லா ஊழியர்கள் சிலர், வாடிக்கையாளர்களின் கார் கேமராக்கள் எடுத்த அந்தரங்கமான படங்களைத் தங்களுக்குள் பகிர்ந்து பார்த்தார்கள் என்று 2023 ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அதில் விவரிக்கப்பட்டவை பெரும்பாலும் காருக்கு வெளியே நடந்த காட்சிகள். இருந்தாலும் உள்ளே பார்க்கும் கேமரா வைத்திருப்பவருக்கு அந்தச் செய்தியைப் படித்தபின் எப்படித் தூக்கம் வரும்? சிலர் லென்ஸின் மேல் ஒரு மூடியை ஒட்டிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பாகத்தை மறைக்க மறுபடியும் காசு!

ஆக, எதற்கென்று சொல்லாத ஒரு பாகத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். உயிர்காக்கும் வேலைக்கு அது உதவவில்லை என்று கேள்வி கேட்கவும் ஆளில்லை, அத்துமீறுமோ என்ற பயத்துக்குப் பதில் சொல்லவும் ஆளில்லை. என்ன வேலை என்று அறிவித்திருந்தால்தானே வேலை செய்யவில்லை என்று புகார் செய்ய முடியும்?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். பங்குச் சந்தையில் ஆப்ஷன் என்று ஒன்று உண்டு. பிற்காலத்தில் ஒரு விஷயத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அது. அந்த உரிமை வேண்டுமென்பவர் அதற்கான பிரீமியத்தைக் கட்ட வேண்டும். இங்கே பிரீமியம் கட்டியது கார் வாங்கியவர், உரிமை விற்றவரிடம்.

கம்பெனி பக்கத்து நியாயமும் இருக்கிறது. லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப வரவழைத்து ஒவ்வொன்றிலும் கேமரா மாட்டுவது ஆகிற காரியமா? முதலிலேயே வைத்துவிட்டால் செலவு குறைவு. சரிதான். ஆனால் இதே டெஸ்லா 2016ல் மாடல் எஸ் 60 என்ற காரை விற்றது. உள்ளே இருந்தது 75 கிலோவாட் அவர் பேட்டரி, சாஃப்ட்வேர் போட்டுப் பூட்டியிருந்தார்கள். கூடுதல் பணம் கட்டினால் மீதியும் திறக்கும் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். கணக்குப் போட்டு வேண்டுமென்றவர் கட்டினார், வேண்டாமென்றவர் விட்டுவிட்டார். பாகம் மறைந்திருப்பது குற்றமில்லை. அதன் நோக்கம் மறைந்திருப்பதுதான் குற்றம்.

2025 ஜூலையில் மும்பையில் டெஸ்லா கடை திறந்தாயிற்று. இங்கே சட்டம் என்ன சொல்கிறது? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவு. "வாங்குபவரே, உஷார்" என்ற பாடத்தை முதல் வருஷத்திலேயே படித்திருப்பீர்கள். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எதற்காக வாங்குகிறேன் என்று வாங்குபவர் விற்பவரிடம் தெரிவித்து, அவர் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும். வாங்குபவர் நோக்கத்தைச் சொல்ல வேண்டுமாம்! விற்பவரே நோக்கத்தைச் சொல்லாமல் விடுவார் என்று 1930ல் யார் நினைத்திருப்பார்கள்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தரம், அளவு, வீரியம், தூய்மை, நிர்ணயத் தரம், விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையைப் பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் நோக்கம் என்ற சொல் இல்லை.

சேர்த்தால் என்ன? பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை. காரில் இருக்கும் ஒவ்வொரு கேமராவுக்கும் மைக்குக்கும் கையேட்டில் மூன்று வரி போதும். இது எதற்கு, இதன் பதிவை யார் பார்ப்பார்கள், இதை எப்படி அணைப்பது. நோக்கம் மாறினால் மறுபடியும் கேட்க வேண்டும். இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், "முடிவு செய்யவில்லை" என்றே எழுதி, லென்ஸுக்கு ஒரு சின்ன மூடியும் போட்டுக் கொடுக்கட்டும். மூடியின் விலை எத்தனை ரூபாய் இருந்துவிடப் போகிறது?

எலெக்ட்ரிக் காரோ, போனோ, டிவியோ, அடுத்த முறை கடைக்குப் போகும்போது மைலேஜையும் தள்ளுபடியையும் கேட்டு முடித்த பிறகு, பொருளைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். எங்காவது ஒரு சின்னக் கண் தெரிந்தால், விற்பவரிடம் கேளுங்கள்: "அண்ணே, இது எதுக்கு?" பதில் சொல்லத் தெரியாமல் அவர் தலையைச் சொறிந்தால், பில் போடுவதற்கு முன்னால் நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள்.