ஆபாசம் எது?

இலங்கையில் லயனல் வெண்ட் என்று ஒரு போட்டோக்காரர் இருந்தார். 1900-இல் கொழும்பில் பிறந்து 1944-இல் மாண்டவர். தகப்பனார் பறங்கியர் வகுப்பினர். சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜு. மகனும் லண்டனுக்குப் போய்ப் பாரிஸ்டராகி, கூடவே பியானோவும் கற்றுத் திரும்பினார். கோர்ட்டில் நின்றிருந்தால் பணம் குவிந்திருக்கும். அவரோ வக்கீல் தொழிலை உதறிவிட்டுக் கேமராவைக் கையில் எடுத்தார்.

எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். யாரை எடுத்தார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. சீமான்கள் ஸ்டூடியோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்ட அக்காலத்தில், இவர் கடலில் வலை இழுப்பவனையும் வயலில் பாடுபடுகிறவனையும் கண்டி நடனம் ஆடும் பெரவா ஜாதியாரையும் தேடிப்போய் எடுத்தார். பெரவா என்பது அந்நாட்டில் மேளங்கொட்டும் ஜாதி, தாழ்ந்தவர்களென்று ஒதுக்கப்பட்டவர்கள். புத்தமதம் வழங்கும் நாட்டிலும் இந்த ஜாதிப் பேய் போகவில்லை பாருங்கள்!

அதோடு அவர் நிற்கவில்லை. ஆண் பெண் சரீரங்களை ஆடையின்றியும் எடுத்தார். அதிலும் ஆண் உடலை, அதன்மேல் உள்ள ஆசையை ஒளிக்காமல் எடுத்தார். இரண்டு படங்களை ஒன்றாக்கியும், கழுவும்போதே வெளிச்சம் காட்டி ஒளியும் இருளும் இடம் மாறும்படி செய்தும், கேமரா கண்ணாடியைப்போல் உள்ளதை மட்டுமே காட்டும் யந்திரம் என்ற எண்ணத்தை உடைத்தார். 1938-இல் லண்டனில் அவர் படங்களுக்கென்றே ஒரு காட்சி நடந்தது. 1943-இல் கொழும்பு ஓவியர்கள் ‘43 குரூப்’ என்று கூடியதும் அவர் வீட்டில்தான்.

இப்படங்களை இன்று காட்டினாலும் “சிவ சிவா, ஆபாசம்!” என்று கண்ணைப் பொத்திக்கொள்ளும் வைதிகர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: தாருகாவனத்து ரிஷி பத்தினிகளை மயக்க அம்மணமாய்ப் போன பிட்சாடனரைச் சிதம்பரம் வீதியில் உற்சவமாகக் கொண்டுவரும்போது உங்கள் கண்ணை யார் பொத்தினார்கள்? திருவாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடக்கூடாதென்று ஜாதி கட்டளையிட்டதே; 1859-இல் ராஜாவின் விளம்பரம் வரும்வரை அவர்கள் அடிபட்டுப் போராட வேண்டியிருந்ததே. அப்போது ஆபாசம் எங்கே போயிருந்தது? மேல்ஜாதியான் பார்வைக்கு உடலைத் திறந்து வைத்தால் ஆசாரம். அதே உடலை ஒருவன் அழகென்று எடுத்துக்காட்டினால் ஆபாசம்!

முதுநகர்த் துறையில் வெற்றுடம்போடு வலை இழுப்பவரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. கூலி கொடுத்தால் போதும், உடலைப் பற்றிக் கவலையில்லை. அவருடைய முதுகும் பார்க்கத்தக்கது என்று சொன்னால்தான் கோபம் வருகிறது.

வெண்ட் மறைந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. மிஞ்சிய பிரதிகளிலிருந்து 1950-இல் ஒரு புத்தகம் வெளிவந்தது. அவர் வீடிருந்த இடத்தில் 1953-இல் அவர் பெயரால் நாடகக் கொட்டகையும் திறக்கப்பட்டது. அப்படங்கள் இன்று கைப்பேசியிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. மாலையில் படிப்பகத்தில் கூடும் தோழர்கள் அவற்றைத் தேடிப் பார்க்கட்டும். முகம் சுளிக்கும் கனவான்களையும் கூட அழைத்துக்கொள்ளட்டும். ஆபாசம் எந்தப் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறதென்று அவர்கள் எழுதியனுப்பினால் அதையும் இப்பத்திரிகையில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.