மார்க்குப் புத்தகமா, ஜாதகக் குறிப்பா?

பள்ளிக்கூடத்திலிருந்து மார்க்குச் சீட்டு வீட்டுக்கு வந்தால் நம் மக்கள் அதை ஜாதகம் பார்ப்பது போலவே பார்க்கின்றார்கள். எண் பெரிதாயிருந்தால் சரஸ்வதி கடாட்சம், சிறிதாயிருந்தால் தலையெழுத்து. படித்த உபாத்தியாயர்களாவது வேறுவிதமாய்ச் சொல்லுகின்றார்களா என்றால், அவர்களிலும் பலர் "இவனுக்குக் கணக்கு வராது, மூளை அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றார்கள். விதி என்பதற்கு மூளை என்று பெயர் மாற்றியதைத் தவிர இதில் பகுத்தறிவு எங்கே இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுவோம். 52-இல் 27-ஐக் கழி என்றால் ஒரு பிள்ளை 35 என்று எழுதுகின்றது. உபாத்தியாயர் சிவப்பு மையால் தப்புப் போட்டு, சைபர் என்று பதிந்துவிடுகின்றார். அந்த 35 எப்படி வந்தது? 2-இல் 7 போகாது என்று கண்ட பிள்ளை, 7-இல் 2-ஐக் கழித்து 5 போட்டது. பிறகு 5-இல் 2 போக 3 போட்டது. ஆகவே பிள்ளைக்குக் கழிக்கத் தெரியும். பத்தைக் கடன் வாங்கத்தான் தெரியாது. பத்துப் பத்தாய்க் கட்டிய குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னால் அதுவும் விளங்கிவிடும். வகுப்பில் 40 பிள்ளைகளில் 30 பிள்ளைகள் இதே 35-ஐ எழுதியிருந்தால் தோற்றது பிள்ளைகளா, சொல்லிக்கொடுத்த முறையா? வெறும் மார்க்கு இதைச் சொல்லாது. எந்தக் கேள்விக்கு என்ன விடை எழுதினார்கள் என்று குறித்து, ஆஜர்ப் பட்டியலோடு ஒத்துப்பார்த்தால் சொல்லும். அந்தப் பாடம் நடந்த வாரம் பிள்ளை தாயோடு நடவுக்குப் போய்விட்டது என்பதும் அப்பொழுது வெளியாகும்.

2022-இல் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், சிறு வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்ற நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். யோசனை நல்லதே. ஆனால் அடுத்த படிக்கு ஏற்றுவதற்கென்று வந்த பிரிவினை, "நீ அரும்புதானே" என்று மூலையில் உட்காரவைக்க உதவுமானால், நாலு வருணம் போதாதென்று பள்ளிக்கூடத்துக்குள் இன்னும் மூன்று வருணம் செய்ததாகவே முடியும். பதிவு செய்வதிலேயே பொழுது போய்விடுகின்றது என்று உபாத்தியாயர்கள் முறையிடுவதும் நியாயமே. பதிந்ததை மறுநாள் பாடத்துக்குப் பயன்படுத்தாமல் மேலிடத்துக்கு அனுப்புவதோடு சரி என்றால், அது யாருக்காகச் செய்யும் வேலை?

பரீட்சைக்கு முதல்நாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் பெற்றோர்களுக்குச் சொல்லுகின்றோம்: தேங்காய்க் காசை மிச்சம் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிந்த மறுவாரம் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திருத்திய விடைத்தாளைக் கேளுங்கள். எத்தனை மார்க்கு என்று கேட்கவேண்டாம். எந்தக் கணக்குத் தப்பு, ஏன் தப்பு, அதை எந்தக் கிழமை திரும்பச் சொல்லிக்கொடுக்கப் போகின்றீர்கள் என்று கேளுங்கள். கைநாட்டு வைப்பவர்களும் கூச்சப்படாமல் கேட்கலாம்.