வேலி போடுமுன் வரைபடத்தைக் காட்டுங்கள்

நகர அபிவிருத்தி அதிகார சபையின் தலைவர் அவர்களுக்கு,



திருகோணமலைக்கு அபிவிருத்தி வரப்போகிறது என்று கேட்டுக் கேட்டே இந்த ஊரில் இரண்டு தலைமுறை நரைத்துவிட்டது. எந்த அரசாங்கம் வந்தாலும் முதலில் துறைமுகத்தைப் பார்த்து வியக்கும். கொஞ்ச நாளில் ஏதாவது ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாகும். 2022 ஜனவரியில் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பங்கிட்டார்கள். 99 தாங்கிகளில் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்தபோது, இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்க உடன்பட்டன. அதற்கும் முன்னரே சிங்கப்பூரின் சுர்பானா ஜுரோங் நிறுவனம் எங்கள் பகுதிக்கு ஒரு பெருந்திட்டம் வரைந்து கொடுத்தாயிற்று.

இவை வேண்டாம் என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. படித்த பிள்ளைகளைக் கொழும்புக்கும் கட்டாருக்கும் அனுப்பிவிட்டு வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் ஊர் இது. தொழில் வந்தால் கசக்காது. நான் கேட்பது ஒரு வரைபடம். இந்த மாவட்டத்தில் எந்தக் காணி எந்தத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது, அதில் என்ன வரப்போகிறது, மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்பதெல்லாம் ஒரே தாளில், தமிழிலும் சிங்களத்திலும்.

அது ஏற்கெனவே இருக்கிறது என்று உங்கள் அலுவலர்கள் சொல்லக்கூடும். இருக்கிறதுதான், துண்டு துண்டாக. துறைமுக அதிகார சபையின் பெயரில் மட்டும் குடாவைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஹெக்டேயர் காணி உண்டு. கடற்படை, விமானப்படை, இராணுவம் வைத்திருப்பவை வேறு. நிலாவெளிப் பக்கம் சுற்றுலாத்துறை, குச்சவெளிப் பக்கம் தொல்லியல் திணைக்களத்தின் பலகை, காட்டோரம் வன இலாகாவின் எல்லைக் கல். ஒருவர் கையில் பிரதேச செயலகம் கொடுத்த அனுமதிப்பத்திரம் இருக்கும். அவருடைய வயலுக்குள் வன இலாகாவின் கல் நிற்கும். இரண்டையும் கொடுத்தது ஒரே அரசாங்கம். எதை நம்பி அவர் விதைப்பது?

சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு ஓடிய சனம், பிறகு கிளிவெட்டி முகாம் போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அவர்கள் இல்லாத நேரத்தில் அந்த மண்ணின் மேல் கோட்டுக்கு மேல் கோடு விழுந்தது. முதலில் உயர் பாதுகாப்பு வலயம். பிறகு இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம். கனரகக் கைத்தொழிலுக்கென்று 818 ஏக்கர். கடற்படைக்கு 237 ஏக்கர். 2015இல் அந்த 818 ஏக்கர் வர்த்தமானி இரத்தாகி, சனம் திரும்பத் தொடங்கியது. 2016இல் கடற்படை விலகியது. நிலக்கரித் திட்டமும் அதே ஆண்டு கைவிடப்பட்டது. இப்போது சூரிய மின்சாரம். அதன் தொடக்க விழா 2025 ஏப்ரலில் கொழும்பிலிருந்தபடியே இணையவழியில் நடந்தது.

நிலக்கரியைவிடச் சூரியன் நல்லது, அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் இருபது ஆண்டுக்குள் ஒரே மண்ணுக்கு எத்தனை எதிர்காலம் எழுதி அழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவற்றில் பாதி எழுதப்பட்டபோது காணி உறுதி வைத்திருந்தவர் முகாமில் அரிசிக்கு வரிசையில் நின்றார். வர்த்தமானி அச்சாகிய பிறகுதான் அவருக்குச் செய்தி போனது.

அதெல்லாம் யுத்தகாலத்துப் பழக்கம் என்று விட்டுவிடலாம், இதே மாவட்டத்து முத்துநகர் இல்லாவிட்டால். அங்கே தலைமுறையாக வயல் செய்தவர்களின் காணி துறைமுக அதிகார சபையுடையது என்று சொல்லி, சூரிய மின் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2025இல் அந்த விவசாயிகள் கச்சேரிக்கு முன்னால் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தங்கள் வயலுக்குத் தண்ணீர் தந்த குளங்களையும் மூடிவிட்டார்கள் என்பது அவர்களின் முறைப்பாடு. காணி யாருடையது என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். மாரியில் அந்தக் குளங்களில் தேங்கிய தண்ணீர் இனி எங்கே போகும் என்பது உங்கள் தொழில், ஐயா. திட்டமிடல் என்ற பெயரில் ஓர் அதிகார சபையை 1978இல் சட்டம் போட்டு உண்டாக்கியது அதற்காகத்தானே.

எரிசக்தி மையம் என்று பேசுகிறவர்கள் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனை ஒருதரம் பார்க்க வேண்டும். 1914இல் கப்பல் கால்வாய் திறந்து, எண்ணெயால் வளர்ந்த நகரம் அது. நிலப் பயன்பாட்டு வலயச் சட்டமே வேண்டாம் என்று அந்த நகரத்து மக்கள் 1948, 1962, 1993 என மூன்றுதரம் வாக்களித்தார்கள். அங்கே வலயம் இல்லை. இங்கே வலயத்தின் மேல் வலயம். விளைவில் பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் இரண்டு இடத்திலும் குடியிருப்பவருக்குத்தான் கடைசியில் தெரிகிறது.

நகரத்தை வெள்ளத்திலிருந்து காக்க அங்கே அடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்களை 1940களில் கட்டினார்கள். சாதாரண நாளில் அவை காய்ந்து கிடக்கும். அணைக்குப் பின்னால், தண்ணீர் ஏறக்கூடிய நிலத்தைத் தனியார் துண்டு போட்டு விற்றார்கள். ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்தன. 2017 ஓகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது தேக்கம் நிரம்பி அந்த வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. இந்த நிலம் வெள்ளத்துக்கு உட்பட்டது என்ற குறிப்பு ஒரு பகுதியின் நில வரைபடங்களில் ஏற்கெனவே இருந்தது. வீடு வாங்கிய பலர் அதைக் கண்டதில்லை. 2019 டிசம்பரில், இதற்கு அமெரிக்க அரசாங்கமே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தபோது மூதூர்ப் பக்கத்துச் சனம் மேட்டு நிலம் தேடி ஓடியது. எது மேடு, எது பள்ளம் என்பதைத் தாளில் போட்டுக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

தாங்கிகளைப் பற்றியும் ஒன்று. ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் டீர் பார்க்கில் 2019 மார்ச்சில் இரசாயனத் தாங்கிப் பண்ணை ஒன்று நாள்கணக்கில் எரிந்தது. சனத்தை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள், பாடசாலைகளை மூடினார்கள். சீனக்குடாத் தாங்கிகள் வெள்ளைக்காரன் கட்டியவை. 1942 ஏப்ரலில் யப்பானியர் குண்டு போட்டபோது அவற்றில் ஒன்று அழிந்ததை இன்றும் கதையாகச் சொல்வார்கள். பெரும்பாலானவை இத்தனை காலமும் காட்டுக்குள் வெறுமையாகக் கிடந்ததால் யாரும் பயப்படவில்லை. எல்லாவற்றையும் நிரப்பப் போகிறீர்கள் என்றால், எத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற கோட்டை முதலில் வரையுங்கள். அந்தக் கோட்டுக்குள் இன்றைக்கே குடியிருப்பவர்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வேலை நடக்கும் காலத்துக்கான வழியும் அந்த வரைபடத்தில் இருக்க வேண்டும். கிண்ணியாவில் 2009இல் திறந்த பெரிய பாலத்தைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில், பழைய பாலத்தை அகற்றிப் புதியதைத் தொடங்கிய இடைவெளியில், சனம் மிதப்புப் படகில் ஆற்றைக் கடந்தது. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்து, பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் இறந்தார்கள். பாலம் வருமட்டும் பிள்ளை எப்படிப் போகும் என்று கேட்கிற பொறுப்பு எந்த அலுவலகத்துடையது என்று அன்றைக்குத் தெரியவில்லை. வரைபடத்தில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில், பொறுப்பான பதவியையும் முடிக்கவேண்டிய திகதியையும் போட்டால் அடுத்தமுறையாவது தெரியும்.

ஆகவே, ஐயா, அந்தத் தாளைக் கச்சேரியிலும், பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், குச்சவெளி, வெருகல் பிரதேச செயலகங்களிலும் ஒட்டுங்கள். கிராம சேவகர் கையில் ஒரு பிரதி இருக்கட்டும். ஆட்சேபம் சொல்ல ஒரு போகக் காலம் கொடுங்கள். விதைப்பு, அறுவடை நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டுச் சனம் வரவில்லை என்று எழுதாதீர்கள். அதுவரை புதிதாக ஒரு வேலித் தூணும் நடவேண்டாம்.

உங்களால் முடியாது என்றால் அதையும் எழுத்தில் அறிவியுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் துறைமுகம், வனம், தொல்லியல், சுற்றுலா, மின்சாரம் என்று ஒவ்வொரு அலுவலகத்துக்கும் நாங்களே தனித்தனியாக விண்ணப்பம் போடுவோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். துண்டுகளைச் சேர்த்து ஒட்ட இங்கே ஓய்வுபெற்ற நில அளவையாளர்கள் இருக்கிறார்கள், பசையும் இருக்கிறது.

இப்படிக்கு,
உட்துறைமுக வீதிவாசி ஒருவன்,
திருகோணமலை